கணினிக்கு எழுதும் முதற்குறிப்பு

நுழையும்முன்

கணினி தானாக எதையும் அறிவதில்லை. எந்த மொழியில் செய்தி சொல்ல வேண்டும், எந்த ஊரின் நேரத்தைக் காட்ட வேண்டும், ஒரு கட்டளைக்குரிய நிரலை எங்கே தேட வேண்டும் என்பனவற்றையெல்லாம் யாரோ ஒருவர் முன்னரே எழுதி வைத்திருக்கிறார். அக்குறிப்பு எங்கே இருக்கிறது, அதனை யார் மாற்றலாம் என்பதை அறிந்தவர் கணினியைத் தம் தேவைக்கேற்ப ஆள்கிறார். அறியாதவர் பிறர் அமைத்துத் தந்த சூழலுக்குள் பணிபுரிகிறார். அந்த முதற்குறிப்பைப் பற்றியும், அதில் தமிழுக்குள்ள இடத்தைப் பற்றியும் இக்கட்டுரை விளக்குகிறது.

பணி தொடங்கும் முன்

சென்னையிலிருந்து செங்கல்பட்டு நோக்கிச் செல்லும் பெருஞ்சாலையில் அமைந்திருக்கிறது சிங்கப்பெருமாள் கோவில். பாறையைக் குடைந்து அமைக்கப்பட்ட பாடலாத்ரி நரசிம்மர் கோயிலால் பெயர்பெற்ற இவ்வூரிலிருந்து மேற்கே பிரியும் சாலை, ஒரகடம் வழியாகத் திருப்பெரும்புதூரைச் சென்றடைகிறது. வயலும் ஏரியுமாக இருந்த இப்பகுதி, கடந்த முப்பது ஆண்டுகளில் மகிழுந்து, சரக்குந்து, இருசக்கர வண்டி, மின்னணுக் கருவி ஆகியவற்றை உருவாக்கும் ஆலைகளின் நிலமாக மாறியிருக்கிறது. காலை, மாலை, இரவு என மூன்று வேளையும் ஷிப்ட் பேருந்துகள் இச்சாலையில் ஓடிக்கொண்டிருக்கின்றன.

ஆலையில் ஒரு ஷிப்ட் தொடங்கும் முன் சில ஏற்பாடுகள் நடைபெறும். எல்லாத் தொழிலாளருக்கும் பொதுவான பாதுகாப்பு விதிகள் சுவரில் எழுதப்பட்டிருக்கும். அந்தந்தப் பணியிடத்திற்கு உரிய கருவிகள் உரிய இடத்தில் வைக்கப்பட்டிருக்கும். தொழிலாளர் ஒவ்வொருவரும் தம் கைக்கு இசைந்த வகையில் சிலவற்றை மாற்றி வைத்துக்கொள்வர். பொது விதி முதலில், தனி ஏற்பாடு பின்னர் என்பது அங்குள்ள ஒழுங்கு. கணினியும் ஏறத்தாழ இதே ஒழுங்கில்தான் தன் பணியைத் தொடங்குகிறது.

ஓடும் உள்ளீடும்

லினக்ஸ், யுனிக்ஸ் போன்ற இயக்க அமைப்புகளில் பயனர் தட்டச்சு செய்யும் கட்டளையைப் பெற்று, அதற்குரிய நிரலை இயக்கி, விடையைத் திரையில் காட்டும் இடைநிலை நிரலுக்கு 'ஷெல்' என்று பெயர். ஷெல் என்னும் ஆங்கிலச் சொல்லுக்கு ஓடு என்பது பொருள். இயக்க அமைப்பின் கருவைச் சூழ்ந்து நின்று, கருவுக்கும் பயனருக்கும் இடையே பேசுவதால் அப்பெயர் பொருந்துகிறது.

1971ஆம் ஆண்டு கென் தாம்சன் யுனிக்ஸுக்கான முதல் ஷெல்லை எழுதினார். 1979இல் வெளிவந்த ஏழாம் பதிப்பு யுனிக்ஸில் ஸ்டீபன் போர்ன் எழுதிய ஷெல் இடம்பெற்றது. அதனைப் பின்பற்றி, எவரும் பயன்படுத்தவும் திருத்தவும் கூடிய கட்டற்ற மென்பொருளாக 1989இல் பிரையன் ஃபாக்ஸ் 'பாஷ்' என்னும் ஷெல்லை உருவாக்கினார். இன்று பெரும்பாலான லினக்ஸ் கணினிகளில் பயனர் சந்திப்பது பாஷையே. ஆப்பிள் கணினிகளில் 2019 முதல் 'இசட் ஷெல்' இயல்பாக அமைந்துள்ளது. பெயர்கள் வேறுபட்டாலும், தொடங்கும்போது சில உரைக்கோப்புகளைப் படித்துத் தம்மை அமைத்துக்கொள்ளும் பழக்கம் இவ்விரண்டிற்கும் பொது. அக்கோப்புகளே தொடக்கக் கோப்புகள்.

தெரிந்து தெளிவோம்

தொடக்கக் கோப்புகள் பலவற்றின் பெயர் 'ஆர்சி' என்று முடியும். 1960களின் முற்பகுதியில் அமெரிக்காவின் எம்ஐடி நிறுவனத்தில் லூயி பூசான் என்னும் பிரெஞ்சு அறிஞர், கட்டளைகளை ஒரு கோப்பில் வரிசையாக எழுதி இயக்கும் 'ரன்காம்' என்னும் வசதியை உருவாக்கினார். 'கட்டளைகளை இயக்கு' என்னும் பொருள்தரும் அப்பெயரின் சுருக்கமே 'ஆர்சி'. ஷெல் என்னும் பெயரை இப்பொருளில் வழங்கியவரும் அவரே.

சூழல் மாறிகள்

தொடக்கக் கோப்பில் எழுதப்படுவனவற்றுள் முதன்மையானவை சூழல் மாறிகள். ஒரு பெயரும் அதற்கு ஒரு மதிப்பும் கொண்டது மாறி. 'ஹோம்' என்னும் மாறி பயனரின் இல்லக் கோப்புறையைக் குறிக்கும். 'டிஇசட்' என்னும் மாறி நேர மண்டலத்தைக் குறிக்கும். 'லாங்' என்னும் மாறி மொழியைக் குறிக்கும். (கணினியில் இப்பெயர்கள் யாவும் ரோமன் எழுத்துகளில் அமைந்தவை, இங்கு அவற்றின் ஒலிப்பு வடிவம் தரப்பட்டுள்ளது.)

இவற்றுள் 'பாத்' என்னும் மாறி மிக இன்றியமையாதது. பயனர் ஒரு கட்டளையைத் தட்டச்சு செய்தவுடன், அதற்குரிய நிரலை ஷெல் கணினி முழுவதும் தேடுவதில்லை. பாத் மாறியில் எழுதப்பட்டுள்ள கோப்புறைகளில் மட்டும், எழுதப்பட்ட வரிசையில் தேடுகிறது. எங்கும் கிட்டவில்லையெனில் 'அப்படியொரு கட்டளை இல்லை' என்று கூறிவிடுகிறது. நிரல் அழிந்துவிட்டது என்பது அதற்குப் பொருளன்று. தேடிய இடங்களில் இல்லை என்பதே பொருள்.

ஷெல்லில் வரையறுத்த மாறி, இயல்பாக அந்த ஷெல்லுக்கு மட்டுமே உரியது. 'எக்ஸ்போர்ட்' என்னும் கட்டளையால் அதனைச் சூழலில் சேர்த்த பின்னரே, அந்த ஷெல் தொடங்கிவைக்கும் பிற நிரல்களுக்கும் அது சென்றுசேரும். பெற்ற நிரலைத் தாய் என்றும், அது தோற்றுவித்த நிரலைச் சேய் என்றும் கொண்டால், தாயின் சூழல் முழுவதும் படியெடுக்கப்பட்டுச் சேய்க்கு வழங்கப்படுகிறது. சேய் தன் படியை எவ்வளவு மாற்றினாலும் தாயின் சூழல் மாறுவதில்லை. மரபுரிமை மேலிருந்து கீழ்நோக்கி மட்டுமே பாய்கிறது.

இதனால் ஒரு நடைமுறைச் சிக்கல் எழுகிறது. தொடக்கக் கோப்பில் ஒரு மாற்றத்தைச் செய்தபின், அக்கோப்பைத் தனி நிரலாக இயக்கினால் பயன் விளையாது. அது சேயாக இயங்கி, தன் சூழலை மாற்றிக்கொண்டு மறைந்துவிடும். நடப்பு ஷெல்லே அவ்வரிகளைப் படிக்குமாறு 'சோர்ஸ்' என்னும் கட்டளையைத் தர வேண்டும். அல்லது புதிய ஷெல் ஒன்றைத் திறக்க வேண்டும்.

எக்கோப்பு, எப்பொழுது?

பாஷ் தொடங்கும் சூழலை மூன்றாகப் பகுக்கலாம்.

முதலாவது, உள்நுழைவு ஷெல். பயனர் பெயரும் கடவுச்சொல்லும் தந்து எழுத்துத் திரை வழியாகவோ, தொலைவிலிருந்து வலையமைப்பு வழியாகவோ நுழையும்போது இது தோன்றும். இது முதலில் 'இடிசி' கோப்புறையிலுள்ள 'புரொஃபைல்' என்னும் பொதுக்கோப்பைப் படிக்கும். கணினியைப் பயன்படுத்தும் அனைவருக்கும் உரிய அப்பொதுக்கோப்பை நிருவாகியே மாற்ற இயலும். அடுத்து, பயனரின் இல்லக் கோப்புறையில் '.பாஷ்_புரொஃபைல்', '.பாஷ்_லாகின்', '.புரொஃபைல்' ஆகிய மூன்றையும் இதே வரிசையில் தேடும். முதலில் கிடைக்கும் ஒன்றை மட்டும் படிக்கும், எஞ்சியவற்றைப் பொருட்படுத்தாது.

இரண்டாவது, உள்நுழைவு அல்லாத ஊடாடு ஷெல். ஏற்கெனவே கணினிக்குள் இருக்கும் பயனர், முனையச் சாளரம் ஒன்றைத் திறக்கும்போது பெரும்பாலான லினக்ஸ் கணினிகளில் தோன்றுவது இது. பயனரின் '.பாஷ்ஆர்சி' கோப்பை இது படிக்கும்.

மூன்றாவது, ஊடாடாத ஷெல். கட்டளைகள் எழுதப்பட்ட ஒரு கோப்பை, மனிதர் எவரும் அருகில் இல்லாமல் இயக்கும் நிலை இது. 'பாஷ்_என்வ்' என்னும் மாறி வழியாகத் தனியே ஒரு கோப்பைச் சுட்டினாலன்றி, மேற்கூறிய தனிக்கோப்புகளுள் எதனையும் இது படிப்பதில்லை.

தனிக்கோப்புகளின் பெயர்கள் புள்ளியில் தொடங்குவதைக் காணலாம். புள்ளியில் தொடங்கும் கோப்புகளைக் கணினி வழக்கமான பட்டியலில் காட்டுவதில்லை. ஆதலால், தம் இல்லக் கோப்புறையில் இத்தகைய கோப்புகள் இருப்பதையே அறியாமல் பல்லாண்டுகள் கணினியைப் பயன்படுத்துவோர் உளர்.

முதலில் கிடைக்கும் ஒன்றை மட்டும் படிக்கும் விதி, சிறியதாகத் தோன்றினாலும் பெரிய விளைவை உண்டாக்கவல்லது. உபுண்டு போன்ற லினக்ஸ் வகைகளில் '.புரொஃபைல்' கோப்பு முன்னரே அமைந்திருக்கும். அதை அறியாத பயனர் ஒருவர், '.பாஷ்_புரொஃபைல்' என்னும் புதிய கோப்பை உருவாக்கி ஒரேயொரு வரியை எழுதுகிறார் என்போம். அடுத்த முறை அவர் நுழையும்போது பாஷ் புதிய கோப்பைக் கண்டு, அதனோடு நின்றுவிடும். பழைய கோப்பிலிருந்த அமைப்புகள் ஓசையின்றிச் செயலிழக்கும். எந்தப் பிழைச்செய்தியும் வராது. பழைய கோப்பை அவர் அழிக்கவில்லை. அதனைக் கணினியின் பார்வையிலிருந்து மறைத்துவிட்டார்.

இரவில் எழுதப்படாத அறிக்கை

இப்பாகுபாட்டை அறியாமையால் நேரும் இடரை ஒரு கற்பனை நிகழ்வால் விளங்கிக்கொள்ளலாம். சிங்கப்பெருமாள் கோவிலில் தங்கி, ஒரகடம் பகுதியில் உதிரிபாக ஆலை ஒன்றில் பணிபுரியும் இளைஞர் ஒருவர் இருப்பதாகக் கொள்வோம். ஒவ்வொரு நாளும் உருவான பாகங்களின் எண்ணிக்கையைத் தொகுத்து, பணியாளர் பெயர்களுடன் அறிக்கை தரும் சிறு நிரலொன்றை அவர் பாஷில் எழுதுகிறார். பகலில் தம் கையால் இயக்கிப் பார்க்கிறார்; செம்மையாக இயங்குகிறது. குறித்த நேரத்தில் பணிகளை இயக்கும் 'கிரான்' என்னும் வசதியிடம் ஒப்படைத்து, நள்ளிரவு 2 மணிக்கு இயக்குமாறு அமைத்துவிட்டு வீடு திரும்புகிறார். காலை ஷிப்ட் மேற்பார்வையாளர் வந்து பார்க்கும்போது அறிக்கை வெறுமையாக இருக்கிறது.

நிரலில் பிழை இல்லை. பகலில் நிரலைத் தொடங்கிவைத்தது ஊடாடு ஷெல்; அது அவருடைய '.பாஷ்ஆர்சி' கோப்பைப் படித்தது. அறிக்கைக்குத் தேவையான துணைநிரல் இருக்கும் கோப்புறை, அக்கோப்பிலுள்ள பாத் வரியில் இருந்தது. இரவில் இயங்கியதோ ஊடாடாத ஷெல். அது அவ்வரியைப் படிக்கவில்லை. டெபியன் வகை லினக்ஸில் கிரான் தரும் இயல்பான பாத் மாறியில் இரண்டே கோப்புறைகள் உண்டு. அவ்விரண்டிலும் அத்துணைநிரல் இல்லை.

இதற்குத் தீர்வு எளிது. தேவையான மாறிகளை நிரலின் தொடக்கத்திலேயே எழுதிவிடலாம். அல்லது கிரானின் பட்டியல் கோப்பில் குறிப்பிடலாம். இதிலிருந்து பெறப்படும் நெறி, நிரல் எழுதும் எவருக்கும் உரியது: நம் கண்முன் இயங்குவதை மட்டும் சான்றாகக் கொண்டு, நாம் இல்லாதபோதும் அவ்வாறே இயங்கும் என்று முடிவுசெய்தல் கூடாது. தனித்து இயங்க வேண்டிய நிரல், தனக்கு வேண்டியவற்றைத் தானே கூறிக்கொள்ள வேண்டும்.

தமிழுக்கு ஒரு வரி

அவ்விளைஞர் பாத் சிக்கலைத் தீர்த்த பின்னரும் அறிக்கையில் மற்றொரு குறை தென்படுகிறது. பணியாளர் பெயர்கள் தமிழில் உள்ளன. பத்தியின் அகலத்திற்கேற்பப் பெயர்களைச் சுருக்குமாறு நிரல் எழுதப்பட்டிருக்கிறது. பகலில் ஓரளவு படிக்கும் வகையில் இருந்த பெயர்கள், இரவு அறிக்கையில் எழுத்தின் நடுவே வெட்டுண்டு கிடக்கின்றன. இதற்குக் காரணம் மொழியைக் குறிக்கும் மாறி.

'தமிழ்' என்னும் சொல்லில் எத்தனை எழுத்து? த, மி, ழ் என மூன்று என்பது இலக்கணம் அறிந்தவர் விடை. யுனிகோடு முறையில் உயிர்மெய்யின் உயிர்க்குறியும் மெய்யின் புள்ளியும் தனித்தனிக் குறியீடுகள். எனவே அச்சொல் 5 குறியீடுகளால் ஆனது. யுடிஎஃப்-8 என்னும் குறியாக்கத்தில் தமிழ்க் குறியீடு ஒவ்வொன்றும் 3 பைட் இடம் கொள்ளும். ஆகவே அதே சொல் 15 பைட். லாங் மாறியில் யுடிஎஃப்-8 சார்ந்த மொழிச்சூழல் அமைந்திருந்தால், சொல்லின் நீளத்தைக் கணினி 5 என்று கணக்கிடும். மாறி அமையாதிருந்தால் 'சி' எனப்படும் அடிப்படைச் சூழலுக்குத் திரும்பி, 15 என்று கணக்கிடும். 'முதல் நான்கை மட்டும் எடு' என்று கட்டளையிட்டால், முதற்சூழலில் 'தமிழ' என்று கிட்டும். புள்ளி மட்டும் உதிரும். இரண்டாம் சூழலில் 'த' என்னும் எழுத்தும் பொருளற்ற ஒரு பைட்டும் கிட்டும். பெயர் சிதைந்துபோகும்.

தமிழ் இலக்கணம் கூறும் எழுத்துக் கணக்கை இரண்டு சூழல்களும் முழுமையாக எட்டவில்லை என்பது இங்குக் கருதத்தக்கது. எனினும், தமிழைக் குறியீடுகளாக அறிந்து நடத்துவதற்கும் வெறும் பைட் குவியலாக நடத்துவதற்கும் உள்ள வேறுபாடு தொடக்கக் கோப்பின் ஒரு வரியில் அடங்கியிருக்கிறது. யுடிஎஃப்-8 முறையை 1992இல் ராப் பைக்குடன் இணைந்து வடிவமைத்தவர், முதல் யுனிக்ஸ் ஷெல்லை எழுதிய அதே கென் தாம்சன் என்பதும் அறியத்தக்கது.

லாங் மாறிக்குத் தமிழைத் தரும்போது மொழிக்குறியீடாகிய 'டிஏ' என்பதையும், நாட்டுக்குறியீட்டையும் கீழ்க்கோட்டால் இணைத்து எழுத வேண்டும். இந்தியத் தமிழுக்கு 'டிஏ_ஐஎன்'. இலங்கைத் தமிழுக்கு 'டிஏ_எல்கே'. அம்மொழிச்சூழல் கணினியில் நிறுவப்பட்டிருத்தலும் வேண்டும். அவ்வாறு அமைந்தபின், நாளைக் கேட்டால் கணினி மாதப் பெயரையும் கிழமையையும் தமிழில் கூறும். மொழிபெயர்க்கப்பட்ட மென்பொருள்கள் தம் செய்திகளைத் தமிழில் காட்டும்.

இவ்வொரு வரி பயன்தருவதற்குப் பின்னால் பலருடைய உழைப்பு இருக்கிறது. 1999இல் சென்னையில் நடைபெற்ற தமிழிணைய மாநாட்டையொட்டி 'தமிழ்99' விசைப்பலகை வகுக்கப்பட்டது. 2010இல் தமிழ்நாடு அரசு யுனிகோடு முறையைத் தரமாக ஏற்றது. சி-டாக் நிறுவனம் இந்திய மொழிகளுக்கு இடமளிக்கும் வகையில் பாரத் ஆப்பரேட்டிங் சிஸ்டம் சொல்யூஷன்ஸ் என்னும் லினக்ஸ் வகையை உருவாக்கியது. 2011இல் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தின்வழி அது மேல்நிலைப்பள்ளி மாணவர் கைகளையும் அடைந்தது. தமிழ்நாட்டிலும் இலங்கையிலும் அயல்நாடுகளிலும் வாழும் தன்னார்வலர்கள், மென்பொருள்களின் செய்திகளை ஒவ்வொரு தொடராகத் தமிழாக்கினர். சென்னையிலும் காஞ்சிபுரத்திலும் செயல்படும் லினக்ஸ் பயனர் குழுக்கள் இத்துறையில் புதியவர்களுக்கு வழிகாட்டி வருகின்றன. இத்தனை உழைப்பும் ஒரு பயனரைச் சென்றடைவதற்கு, அவருடைய கணினியில் அந்த ஒரு வரி எழுதப்பட்டிருக்க வேண்டும்.

கவனத்திற்குரியன

தொடக்கக் கோப்பைத் திருத்தும் உரிமையோடு பொறுப்பும் சேர்ந்தே வருகிறது. பாத் மாறியில் புதிய கோப்புறையைச் சேர்க்கும்போது, பழைய மதிப்பை வைத்துக்கொண்டு அதனுடன் இணைக்க வேண்டும். பழையதை நீக்கிப் புதியதை மட்டும் எழுதினால், கோப்புகளைப் பட்டியலிடும் எளிய கட்டளைகூட இயங்காமல் போகும். அந்நிலையிலும் அஞ்ச வேண்டுவதில்லை. நிரல் இருக்கும் முழுப்பாதையையும் தட்டச்சு செய்தால் அது இயங்கும். கோப்பைத் திறந்து பிழையை நீக்கிவிடலாம். திருத்தும் முன் கோப்பைப் படியெடுத்து வைப்பது நல்ல பழக்கம்.

பொருள் விளங்காத வரியைப் பிறர் கூறியதற்காக எழுதிவிடுதல் தீங்கு பயக்கும். தொடக்கக் கோப்பிலுள்ள ஒவ்வொரு வரியும், பயனரின் முழு உரிமையோடு, ஷெல் அக்கோப்பைப் படிக்கும் ஒவ்வொரு முறையும் இயங்குகிறது. கடவுச்சொற்களை அதில் எழுதி வைத்தலும் தகாது. சூழலில் சேர்த்த மதிப்பு சேய் நிரல்கள் அனைத்திற்கும் சென்றுவிடும். சூழல் மாறிகளைப் பாஷ் கையாண்ட முறையில் ஏறத்தாழ 25 ஆண்டுகள் மறைந்திருந்த குறையொன்று 2014 செப்டம்பரில் வெளிப்பட்டது. 'ஷெல்ஷாக்' எனப்பட்ட அக்குறை வழியே, வெளியார் அனுப்பும் மதிப்பில் மறைந்துவரும் கட்டளையையும் பாஷ் இயக்கிவிடும் நிலை இருந்தது. உலகெங்கும் வழங்கிக் கணினிகளை நிருவகிப்போர் அதனை விரைந்து திருத்த நேர்ந்தது. சூழலில் எது சேர்கிறது என்பதில் கருத்துச் செலுத்த வேண்டும் என்பதற்கு இது தக்க சான்று.

எழுத்தறிவின் தொடர்ச்சி

தொடக்கக் கோப்பு இரும்புப் பெட்டிக்குள் பூட்டிய மறைபொருள் அன்று. எழுதப் படிக்கத் தெரிந்த எவரும் திறந்து வாசிக்கக்கூடிய உரைக்கோப்பு. அதனை வாசிக்கத் தெரிந்தால், 'கணினி இப்படித்தான் நடந்துகொள்ளும்' என்று எண்ணிய பலவும் யாரோ ஒருவர் எடுத்த முடிவுகள் என்பது புலப்படும். முடிவு என்பதால் அதனை மாற்றவும் இயலும். ஆலையிலும் அலுவலகத்திலும் ஆய்வகத்திலும் கணினியோடு பணிபுரியப்போகும் இளைய தலைமுறைக்கு இவ்வாசிப்பு எழுத்தறிவின் அடுத்த படி. அப்படியில் ஏறுவோர் தம் கணினியில் தமிழுக்குரிய வரியையும் எழுதிக்கொள்வாராயின், கணினித்தமிழுக்கு உழைத்தோரின் பணி அவர்தம் கையில் பயன் தரும்.

கற்பவை கற்றபின்

1. பள்ளிக் கணினி ஆய்வகத்தில் ஆசிரியர் உதவியுடன் லினக்ஸ் கணினி ஒன்றின் '.பாஷ்ஆர்சி' கோப்பைத் திறந்து வாசித்து, பொருள் விளங்கும் வரிகளைத் தமிழில் விளக்கி எழுதுக.

2. உம் பெயரில் இலக்கண முறைப்படி எத்தனை எழுத்துகள், யுனிகோடு முறைப்படி எத்தனை குறியீடுகள், யுடிஎஃப்-8 முறைப்படி எத்தனை பைட் எனக் கணக்கிட்டு, வகுப்பில் கலந்துரையாடுக.